நஜாத்தின் சாவுக்குக் காரணம்

இருபத்திரண்டு வருஷமாகச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். கெய்ரோவின் வடகோடியில், உலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் நடுவே இருக்கும் சுகாதார அலுவலகத்தில் சாவுப் பதிவு எழுதுவது என் வேலை. அன்றைக்கு வெளியே நின்றேன். விடியற்காலையில் என் மனைவி நஜாத் செத்துப்போயிருந்தாள்.

டாக்டர் ரிஃபாத் அடக்கச் சீட்டை நீட்டினார். காரணம்: 'இரத்த ஓட்டம் திடீரெனக் குறைந்தது.' யார் செத்தாலும் இங்கே அதுதான் காரணம். செத்தவனுக்கு வேறென்ன ஆகும்?

"இது வேணாம் டாக்டர். நுரையீரல் நோய், புகையால வந்ததுன்னு எழுதுங்க. நாலு வருஷமா அவளுக்கு மருந்து எழுதிக் கொடுத்தது நீங்கதானே?"

"உனக்குத் தெரியாததா சாபிர்? மேல இருந்து நூறு கேள்வி வரும்."

"வரட்டும். அதுக்குத்தான் கேக்கறேன்."

மாசக் கடைசியில் சாவுக் கணக்கைக் கூட்டி அமைச்சகத்துக்கு அனுப்புபவன் நான்தான். அக்டோபரில் வைக்கோல் எரிக்கும் புகை இறங்கினால் சாவு இரட்டிப்பாகும். நுரையீரல் கட்டத்தில் அப்போதும் பூஜ்யம்தான் போடுவேன். சீ, என்ன பிழைப்பு!

மைத்துனன் ஷவ்கி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"மச்சான், லுஹர் பாங்கு சொல்லப் போறாங்க, மதியத் தொழுகை முடிஞ்சதும் அடக்கணும். அக்காவைக் குளிப்பாட்டி வச்சாச்சு. எந்த எழவையாவது வாங்கிட்டு வாங்க!"

"ராத்திரி பூரா ஒரு மூச்சுக்காகக் காத்துக் கிடந்தாடா. இன்னும் கொஞ்சம் காத்திருப்பா."

வரிசையில் பேத்திக்குத் தடுப்பூசி போட நின்ற உம்மு ஹுஸ்னி வெடித்தாள்.

"அடேயப்பா! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியுது! போன வருஷம் என் புள்ள மூச்சுத் திணறித்தான் செத்தான்னு இங்கேயே நின்னு கத்துனேன். 'எதுன்னா என்ன பெரியம்மா, போன உயிரு திரும்புமா'ன்னு கேட்டியே. உன் பொண்டாட்டின்னா மட்டும் புகையோ?"

கேட்டேன்தான். அதே வார்த்தை. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

"தப்புதான் பெரியம்மா. அவன் சீட்டோட நாளைக்கு வாங்க. திருத்த மனு நானே எழுதறேன்."

பாங்கு கேட்டது. ஷவ்கி தலையில் அடித்துக்கொண்டான். நான் அசையவில்லை. டாக்டர் சீட்டைத் திரும்ப வாங்கினார். அடித்தார், எழுதினார், முத்திரை குத்தினார்.

"என்னைப் பாலைவனத்துக்கு மாத்துனா நீயும் கூட வரணும், ஆமா."

"வர்றேன்."

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து நஜாத்தை அடக்கினோம். மூன்று நாள் துக்கம்கூட முடியாமல் இவன் ஆபீசுக்குப் போகிறானே என்று ஊர் ஏசியது. ஏசட்டும். மறுநாள் காலை சன்னலைத் திறந்தபோது உம்மு ஹுஸ்னி நின்றிருந்தாள். மனுவில் பெயர் எழுதினேன், தெரு எழுதினேன், காரணத்தை முழுசாக எழுதினேன்.

"வயசு, பெரியம்மா?"

"பத்தொம்பது," என்றாள். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "போன தடவை அவன் அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கிட்டே. என்னைக் கேக்கவே இல்லை."