செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்த கைகள்

1974ஆம் வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் பஸ்ஸில், பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு டாக்டர் அமிர்தலிங்கத்தின் இரண்டு கைகள் மட்டும் வந்து சேர்ந்தன. டாக்டர் வரவில்லை. கண்டக்டர் தர்மராஜ் இரண்டுக்கும் சேர்த்து ஒரு அரை டிக்கெட் கிழித்திருந்தார். நடந்தது இதுதான். அரியலூரில் அப்போது சர்ஜன் இடம் காலி. பெரம்பலூர் சர்ஜனே செவ்வாயும் சனியும் அங்கே போய் ஆபரேஷன் செய்ய வேண்டுமென்று உத்தரவு. அன்றைக்கு வெங்காய மூட்டையும் ஆளுமாக பஸ்ஸில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். டாக்டர் படிக்கட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். காலை வைக்க இடம் தேடுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பிடித்ததை விடுகிற பழக்கம் அந்தக் கைகளுக்குக் கிடையாது. கைகள் பஸ்ஸோடு போயின, டாக்டர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார். ரத்தம் கித்தம் எதுவும் இல்லை, வலியும் இல்லை. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்ற அம்மாள் "ஒங்க கை போவுதுங்க சார்" என்று சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டாக்டரை அழைத்துப்போகக் காத்திருந்தவர் செல்லமுத்து. இருபது வருஷம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் உடைத்து, முதுகு விட்டுப்போன பிறகு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலைக்கு வந்தவர். "சார் எங்கப்பா?" என்று கேட்டார். "சார் வரலண்ணே, கைதான் வந்துருக்கு, எறக்கிக்கங்க. ஜன்னலோர சீட்டுதான் வேணும்னு குன்னம் வரைக்கும் ஒரே புடிவாதம்" என்றார் தர்மராஜ். செல்லமுத்து தோளில் கிடந்த துண்டை உதறி விரித்து, இரண்டையும் வாங்கிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரியில் மாடு முட்டிக் குடல் சரிந்த ஒருவன் கிடந்தான். கைகள் ஒன்றுக்கொன்று சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டன. நர்ஸ் கமலவேணி ஒரு நிமிஷம் திகைத்து நின்றுவிட்டு, வழக்கம்போல ஏழாம் நம்பர் கையுறையை எடுத்து நீட்டினார். ஒன்றரை மணி நேரத்தில் குடல் உள்ளே போயிற்று, தையலும் முடிந்தது. டாக்டர் தையல் என்றால் பூத்தையல், ஆறின பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண் விழித்தவன் கைகளைப் பார்த்துக் கும்பிட்டான். கைகளும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நாலு மணி பஸ் ஏறின.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. டாக்டர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்து, பஸ் கிளம்பியதும் திரும்பி நடந்துவிடுவார். அன்று முழுக்க பெரம்பலூரில் காதாலும் நாக்காலும் நோயாளி பார்ப்பார். டீ கிளாஸைக் கம்பவுண்டர் வீரமுத்து வாயருகே பிடிப்பார். கண்ணில்லாத கை எப்படி வெட்டுகிறது என்று விளக்கம் கேட்டு மேலேயிருந்து கடிதம் வந்தது. வயிற்றுக்குள் எப்போதும் இருட்டுதான், அங்கே பார்ப்பது கைதான் என்று டாக்டர் வியாழக்கிழமை பதில் எழுதினார். வியாழக்கிழமை கை இருந்தது. மேலிடம் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டது. கைகளுக்கு வாய் இல்லாததால் வேண்டியதை எழுதித்தான் கேட்டன. அதற்காகவே செல்லமுத்து நாற்பத்து மூன்று வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்தார். வாழ்க்கையில் முதலில் படித்த வார்த்தை 'விளக்கு'. இரண்டாவது 'சீக்கிரம்'.

ஆபரேஷன் முடிந்து பஸ் வரும்வரை கைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் செல்லமுத்து வீட்டில் இருக்கும். அவர் மனைவி கொளஞ்சியம்மாள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சோப்பில் வெளுத்த அந்த விரல்களுக்கு ஒவ்வொன்றாகத் தேங்காயெண்ணெய் தடவி நீவி விடுவார். "என்னா பதவிசா இருக்குதுங்க பாரு. ஒன்னையும் இப்புடி வாயில்லாம ரெண்டு கையா மட்டும் எனக்குக் கட்டிக் குடுத்திருந்தா நான் எவ்ளோ நிம்மதியா இருந்திருப்பேன்" என்று செல்லமுத்துவைப் பார்த்துச் சொல்லுவார். வலது கை மட்டும் சிரிப்பதுபோலக் குலுங்கும்.

கைராசி என்ற பேச்சு எப்போது கிளம்பியது என்று சொல்ல முடியாது. முதலில் குன்னத்துக்காரர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி, பருத்தி விதையைக் கொஞ்சம் வலது கையால் தொட்டுத் தரச்சொன்னார். அந்த வருஷம் அவர் காட்டில் பருத்தி வெடித்த வெடிப்பில் பகலிலேயே நிலா காய்வதுபோல் இருந்தது, கோழிகள் குழம்பிப்போய் நாலு நாள் கூவவில்லை. பிறகு கேட்க வேண்டுமா? வேப்பந்தட்டையில் கிணறு தோண்ட முதல் கடப்பாரை, வரதராஜன்பேட்டையில் மாதா தேருக்கு முதல் வடம், புதுச் சைக்கிளுக்கு முதல் மணி என்று எல்லாவற்றுக்கும் டாக்டர் கை வேண்டும் என்றார்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் வந்தால் ஆளுக்கொரு கையாகப் பிரித்துக்கொண்டார்கள். டாக்டர் யாருக்கும் இல்லையென்று சொல்லமாட்டார். கைகளும் சொல்லமாட்டா. ஒன்பது வருஷம் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. கைகள் இளைத்து மோதிரம் கழன்று விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

1983 புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை கொளஞ்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கமலவேணி தொட்டுப் பார்த்துவிட்டு, "கொடல் முறுக்கிக்கிச்சுண்ணே. ரெண்டு மணிக்குள்ள வயித்தத் தொறக்கணும். திருச்சிக்குத் தூக்கிட்டுப் போனா வழியிலேயே கறுத்துடும்" என்றார். அரியலூரில் வயிறு திறக்கத் தெரிந்தது அந்த இரண்டு கைகளுக்கு மட்டுமே. செல்லமுத்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். அன்று தாமதமாகிப் பத்தரை மணிக்கு வந்த பஸ்ஸிலிருந்து இடது கை மட்டும் இறங்கியது.

"வலது கையக் குன்னத்துல எறக்கிட்டாங்கண்ணே. வெங்காயம் நடணுமாம். அடுத்த பஸ்ல அனுப்புறேன்னாங்க" என்றார் தர்மராஜ்.

"அடுத்த பஸ்ஸு எப்ப?"

"மூணு மணிக்கு." தர்மராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். "என்னாண்ணே? யாருக்கு?" சொன்னதும் கேள்வி கேட்காமல் விசிலை ஊதினார். அரியலூரில் அரை மணி நிற்க வேண்டிய பஸ் அன்று செல்லமுத்துவை ஏற்றிக்கொண்டு நிற்காமலேயே திரும்பியது. இடது கை தானாக ஆஸ்பத்திரிக்கு நடந்து போயிற்று. வழி அதற்குத் தெரியும்.

குன்னத்தில் அய்யாக்கண்ணுவின் வெங்காயக் கொல்லைக்குச் செல்லமுத்து போனபோது மணி பதினொன்றரை. முதல் வெங்காயத்தை நட்டுவிட்டுப் போகத்தான் கையை இறக்கினார்களாம். பக்கத்துக் கொல்லைக்காரர் கேட்டார், அதற்கடுத்தவர் கேட்டார், பதினோரு கொல்லை ஆகிவிட்டது. இப்போது கை விதை வெங்காயக் குவியல்மேல் மல்லாந்து கிடந்தது. நகக்கண் முழுக்கக் கரிசல். சுற்றி ஆளாளுக்குச் சத்தம். "தண்ணி தெளிச்சும் எந்திரிக்கலங்க" என்றார் அய்யாக்கண்ணு. நடவுக்கு வந்த பாப்பாத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எப்புடி எந்திரிக்கும்? ஊருக்கே ஒரு கைதானா? ஒங்க கையெல்லாம் என்னா, சாமிக்கு நேந்து வுட்டதா?" என்று ஏசிக்கொண்டிருந்தார்.

செல்லமுத்து தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடத்தான் வந்தார். ஆனால் கல் உடைத்துவிட்டு வந்து விழுந்த கை எப்படிக் கிடக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதை உலுக்கினால் எழுந்திருக்கும், எழுந்து தப்பாக வெட்டும். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை எடுத்து மடியில் வைத்துக் கழுவி, கொளஞ்சியம்மாள் செய்வதுபோலவே ஒவ்வொரு விரலாக நீவினார். தர்மராஜ் ரோட்டிலிருந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து ஆட்காட்டி விரல் அசைந்து, அவர் உள்ளங்கையில் 'யாருக்கு' என்று எழுதியது.

"ஒங்களுக்கு எண்ணெ தடவுமே, அதுக்குங்கய்யா. கொளஞ்சிக்கு."

கை எழுந்து நின்றது. கொசு இறகுபோல நடுங்கியது. நடுங்குகிற கையில் யாரும் கத்தி தரமாட்டார்கள் என்பது அதற்குத்தான் நன்றாகத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'உன் கை கொடு' என்று எழுதியது. செல்லமுத்து வலது கையை நீட்டினார். டாக்டரின் கை அதன் முதுகில் ஏறிப் படுத்து, விரலுக்கு விரல் வைத்துப் பிடித்துக்கொண்டு, உடனே தூங்கிப்போயிற்று.

அப்படியேதான் ஆபரேஷன் நடந்தது. ஏழாம் நம்பர் கையுறை செல்லமுத்துவின் கல் உடைத்த கையில் ஏறாமல் கிழிந்தது, எட்டும் கிழிந்தது. கமலவேணி அந்த வெறுங்கையையே சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தார். மணி ஒன்று நாற்பது. இடது கை வெட்டியது. செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். முதுகில் படுத்திருந்த கை கண்ட கனவை அவர் கை செய்தது. கிணற்றுக் கயிற்றின் முறுக்கை எடுப்பதுபோல, அவசரப்படாமல், அவர் பெண்டாட்டியின் குடலை அவிழ்த்தது. கறுக்கத் தொடங்கியிருந்த குடல் மெல்ல வெங்காயத்தோல் நிறத்துக்குத் திரும்பியபோது கமலவேணி முகத்துணிக்குள்ளேயே விசிலடித்தார். ஆனால் தையல் போடும் நேரத்தில் டாக்டரின் கை கனவும் இல்லாத தூக்கத்துக்குப் போய்விட்டது. செல்லமுத்துவின் கைக்குத் தெரிந்தது ஒரே ஒரு தையல்தான். அது சாக்குத் தையல். அதைப் போட்டது.

கொளஞ்சியம்மாள் எட்டாம் நாள் கட்டுப் பிரித்துப் பார்த்துவிட்டு வார்டு அதிரக் கத்தினார். "ஊருல உள்ளவளுக்கெல்லாம் பூத்தையலு, எனக்கு மட்டும் மூட்டத் தையலா? நான் என்னா வேர்க்கடலையா?" சாகும்வரை சொல்லிக் காட்டினார், சாவதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்குமேல் ஆயிற்று. குன்னத்தில் அந்தப் பதினோரு கொல்லையிலும் வெங்காயம் கொத்துக்கு ஐந்து பல்லாக, விரல்போல விளைந்தது. அதை உரித்தால் கண்ணில் தண்ணீர் வரவில்லை, சிரிப்பு வந்தது. ஒரு துக்க வீட்டில் அந்த வெங்காயத்தைச் சாம்பாருக்கு உரித்து ஏகப்பட்ட சங்கடம். அதற்குப்பின் ஊர்க்காரர்கள் கூடி, வெங்காயம் நட அவரவர் கையே போதும் என்று முடிவு செய்தார்கள். தீர்மானத்தைப் பாப்பாத்தி சொன்னார், அய்யாக்கண்ணு எழுதினார். பஸ்ஸை யாரும் வழியில் மறிக்கவில்லை.

டாக்டர் அமிர்தலிங்கம் 1987இல் ஓய்வுபெற்றுக் கைகளோடு உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தார். அரியலூருக்குச் சின்ன வயசு சர்ஜன் ஒருவர் வந்தார். கை உடம்போடு ஒட்டியே இருந்தாலும் நல்ல வேலைக்காரர்தான். அடுத்த வருஷம் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, செல்லமுத்து ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி, அரியலூரில் இறங்கினார். அவருடைய வலது கை இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடியே இருந்தது. பஸ் ஜெயங்கொண்டம் ரோட்டில் திரும்பியது. படியில் நின்ற தர்மராஜ், "உடையார்பாளையம் போவுதாம்ணே! டாக்டர் கையப் புடிச்சு அமுக்கி வுட்டுட்டு வருதாம்!" என்று கத்திவிட்டு, ஒரு அரை டிக்கெட் கிழித்தார்.

செல்லமுத்து வீட்டுக்கு நடந்து வந்து, வெறும் சட்டைக்கையை மனைவியிடம் காட்டினார். கொளஞ்சியம்மாள் அதை மேலும் கீழும் பார்த்தார். "பொழுது சாய வந்துடும்" என்று சொல்லி, தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தார். "வாயத் தொற."