பத்துப் படங்களும் ஒரு விளக்கும்

ஆண்மகன் எவன் என்ற கேள்விக்கு, நமுனுகுல மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவுக்குப் புதிய விடை ஒன்று வந்திருந்தது. லொறிச் சாரதி சுபாஸின் கைப்பேசிக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்த பட்டியல் அது: ‘ஆம்பளையாப் பொறந்தவன் கட்டாயம் பாத்திருக்க வேண்டிய பத்துப் படம்.’ எழுதியவர் யார், எந்தத் தகுதியில் எழுதினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டையே நம்பாமல் நாலு பேரிடம் காட்டித் திரிகிறவர்கள், இதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் நின்று சுபாஸ் பட்டியலை வாசித்தான். ஒருவர் ஆறு என்றார், இன்னொருவர் ஏழு என்றார். சதீஸ்குமாரின் முறை வந்தது.

“நான் ஒன்னும் பாக்கல,” என்றார்.

“ஒன்னு கூடவா? அப்ப நீங்க இன்னும் பிள்ளைமடுவத்துலதாண்ணே இருக்கீங்க,” என்றான் சுபாஸ். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது.

“லீலாதேவி அக்கா கொழுந்து பறிக்கப் போறப்ப இவர ஆயாம்மாகிட்ட விட்டுட்டுப் போகும் போல,” என்றான் பக்கத்து லயத்து இன்பாஸ்.

எல்லாரும் சிரித்தார்கள், சதீஸ்குமாரும் சிரித்தார். பன்னிரண்டு வயதில் தகப்பனை இழந்து, மற்றப் பையன்கள் பதுளைக்குப் படம் பார்க்கப் போன நாள்களில் மரக்கறித் தோட்டத்துக்கு எருச் சுமந்தவர் அவர். அதைச் சொல்லியிருந்தால் சிரிப்பு அங்கேயே நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில், “பிள்ளைமடுவம் வந்தாச்சா?” என்று யாரோ கேட்க, அன்றிலிருந்து அதுவே அவருக்குப் பெயராயிற்று.

அவரிடம் ஒரு சாவி இருந்தது. பெற்றோர் சங்கக் கட்டடத்தின் சாவி. தோட்டப் பாடசாலையில் மூன்று வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. பதுளையில் இருந்த துவாரகா டீச்சர், சாதாரண தரப் பரீட்சைக்கு இருந்த பதினொரு பிள்ளைகளுக்கும் சனிக்கிழமைதோறும் தன் வீட்டிலிருந்தபடியே பாடம் நடத்தினார். சதீஸ்குமாரின் கைப்பேசியில் பாடம் வரும். ஒரு வங்கி கழித்துப்போட்ட பழைய புரொஜெக்டரில் அதை மாட்டினால் சங்கக் கட்டடச் சுவரில் கரும்பலகை அளவுக்கு விரியும். சங்கச் செயலாளர் என்பதால் கட்டடத்தோடு அந்த புரொஜெக்டர் பெட்டியும் அவருடைய பொறுப்பில் இருந்தது. அவருடைய மகள் சிவரூபியும் அந்தப் பதினொருவரில் ஒருத்தி. கணிதம் தவறினால் மேலே உயர்தர வகுப்பு இல்லை. உயர்தரம் இல்லையென்றால் அம்மா லீலாதேவியோடு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதுதான் வழி.

பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த அன்று துவாரகா டீச்சர் தெளிவாகச் சொன்னார்: “அண்ணை, இதின்ரை விளக்குக்கு இன்னும் எண்பது மணித்தியாலம்தான் இருக்கு. அது முடிஞ்சால் தானாய் நிண்டுபோகும். இருபத்தெட்டு வகுப்புக்கும் ரெண்டு ரெண்டாய் ஐம்பத்தாறு போதும். வேறை ஒண்டுக்கும் போடாதேங்கோ.” அதையே ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியும் வைத்தார்.

எண்பதில் ஐம்பத்தாறு போனால் இருபத்துநான்கு. சிறுவயதில் கணக்கை விட்டுவந்த சதீஸ்குமாருக்கு இந்தக் கணக்கு மட்டும் உடனே வந்தது. படத்துக்கு மூன்று மணித்தியாலமென்றால், பட்டியலில் எட்டுப் படம் தாங்கும்.

“படத்த சங்கத்துலயே போடுவோம். பொம்பளைங்க மலையில, பிள்ளைங்க வீட்டுல. மத்தியானம் ரெண்டு மணிக்கு யாருண்ணே வரப்போறா?” என்றான் சுபாஸ்.

அது உண்மைதான். ஆண்களுக்கு நண்பகலோடு வேலை முடிந்துவிடும். பெண்களுக்கு, மாலையில் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்த பிறகுதான் முடியும். அந்த இடைவெளியில், வியாழக்கிழமைதோறும், சங்கக் கட்டடத்தின் சன்னல்களில் கொழுந்துச் சாக்குகள் தொங்கின. உள்ளே பன்னிரண்டு ஆண்கள் ஆண்களாகிக்கொண்டிருந்தார்கள். நாயகன் வரும் காட்சியை இரண்டு முறை போட்டார்கள். அவன் அடிக்கும் காட்சியை மூன்று முறை. அந்த மணித்தியாலங்கள் சதீஸ்குமாரின் கணக்கில் இல்லை.

எட்டாவது படம் முடிந்ததும், “போதும்பா,” என்றார்.

“எட்டுப் படம் பாத்தவன் எட்டுப் பங்கு ஆம்பளண்ணே. மிச்ச ரெண்டு பங்கு என்னவாம்?” என்றான் சுபாஸ்.

டீச்சர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோதான் சொல்லியிருப்பார் என்று சதீஸ்குமார் தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார்.

பத்தாவது படத்தில், ஒரு கூலித் தொழிலாளி மகளைப் படிக்கவைப்பதற்காகத் தன் கண் ஒன்றையே கொடுக்கிறான். கட்டடம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். சதீஸ்குமார் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அந்த எடத்த இன்னொருக்காப் போடு,” என்றார். போட்டார்கள். மறுபடியும் கேட்டார். மறுபடியும் போட்டார்கள்.

வெளியே வந்தபோது சுபாஸ் அவருடைய தோளில் கைபோட்டான். “இப்பத்தான்ணே ஆம்பள.”

சனிக்கிழமை, இருபத்தைந்தாவது வகுப்பு. கடந்தகால வினாத்தாள்களுக்கென்று ஒதுக்கிவைத்த நான்கு வகுப்புகளில் அது முதலாவது. டீச்சர் வட்டம் ஒன்றை வரைந்து, நாண் ஒன்றை இழுத்து, நடுப்புள்ளியைக் குறிக்கும்போது சுவர் இருண்டது. பெட்டியில் சிவப்புப் பொட்டு ஒன்று எரிந்தது.

“என்ன அண்ணை, என்ன நடந்தது?” என்று கேட்டது கைப்பேசி.

“தெரியலைங்க டீச்சர். நேத்து மின்னல் பலமா இருந்துச்சு. அதுல போயிருக்கும்.”

“ஐயோ பாவம். சரி, ஃபோனைப் பிள்ளையள் நடுவிலை வையுங்கோ. தெரிஞ்ச மட்டும் பாப்பம்.”

பதினொரு தலைகள் உள்ளங்கை அளவுத் திரையை முட்டிக்கொண்டன. வட்டம் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது, நாண் தெரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்கு அதுவும் இல்லை.

சிவரூபி அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. பெட்டியின் பக்கத்தில் இருந்த துண்டை வாசித்தாள். கொப்பியைத் திறந்து இரண்டு வரி எழுதினாள். எழுந்துவந்து அதைத் தகப்பனின் முன்னால் பிடித்தாள். 24 × 2 = 48. 80 − 48 = 32.

“மின்னலா அப்பா?” என்று மெல்லக் கேட்டாள். “இந்த முப்பத்திரண்டு மணித்தியாலம் யாருது?”

அவர் வாயைத் திறப்பதற்குள் கைப்பேசி டிங் என்றது. டீச்சரின் வட்டத்தை மறைத்துக்கொண்டு சுபாஸின் செய்தி விழுந்தது. முன்னால் இருந்த சிறுமி, பாடப் புத்தகம் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தாள்:

“அண்ணே, அடுத்த லிஸ்ட் வந்திருச்சு. மகளைப் பெத்த அப்பன் கட்டாயம் பாக்க வேண்டிய அஞ்சு படம். வியாழக்கிழம சாவியோட வாங்க.”

பதினொரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சன்னலில் கழற்ற மறந்த சாக்கு ஒன்று ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் மை கொண்டு எழுதியிருந்தது, தோட்டப் பதிவேட்டில் லீலாதேவிக்குரிய எண்.

சிவரூபி குனிந்து, அந்தச் செய்தியை விரலால் ஒதுக்கித் தள்ளினாள்.

“சொல்லுங்க டீச்சர்,” என்றாள். “நடுப்புள்ளி எங்கன்னு வாயாலயே சொல்லுங்க. எங்களுக்குத் தெரியல.”