கடைசிச் சோழி

தீராவுத் எங்கள் சதுரங்கத்தை நொண்டி ஆட்டம் என்றான். அதுவும் எங்கள் மோட்டார்சைக்கிள் டாக்சிகள் நிற்கும் இடத்துக்கே வந்து, நாங்கள் ஆடிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தபடி சொன்னான். நகராட்சிக்குப் புதிதாக வந்த விளையாட்டு அதிகாரி அவன். பாங்காக்கில் சர்வதேசச் சதுரங்கத்தில் கோப்பை வாங்கியவன். வாங்கட்டும், எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் கம்பத்தில் ஒட்டுவதற்காக அவன் கொண்டுவந்த அறிவிப்பைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மாகாணப் போட்டிக்கு இந்த வருடம் நம் ஊரிலிருந்து சர்வதேசச் சதுரங்க அணிதான் போகுமாம். எங்கள் தாய்லாந்துச் சதுரங்கமான மக்ருக்குக்கு அணி கிடையாதாம்.

ஒன்பது வருடமாக அந்த அணியில் ஆடுகிறேன். வருடம் முழுக்கச் சந்தை வாசலில் நான் வெறும் பதினான்காம் எண் டாக்சிச் சட்டை. போட்டி நடக்கும் நான்கு நாள் மட்டும்தான் ஒலிபெருக்கியில் ‘புன்ருவன்’ என்று என் பெயரைச் சொல்வார்கள். அந்த நான்கு நாளையும் ஒருவன் பசை தடவி மூடிவிட்டுப் போவான், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

"எது சார் நொண்டி?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. அங்க ராணி பலகையோட இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பாயும். உங்க மந்திரி நகர்றது ஒரே ஒரு கட்டம், அதுவும் கோணலா. சிப்பாய்க்குப் பதிலா சோழி. இதை எவன் உக்காந்து பார்ப்பான்?"

"அங்க ராணி ஒருத்தியே எல்லா வேலையும் பார்க்கிறா. மத்தவனெல்லாம் சம்பளம் வாங்கிட்டுத் தூங்குறான்," என்றார் என் பக்கத்து வண்டிக்காரர் சம்லோங் அண்ணன், ஐஸ் காப்பியை உறிஞ்சிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உக்காருங்க சார். இதே பலகையில என்னை ஜெயிச்சுக் காட்டுங்க. ஜெயிச்சீங்கன்னா நானே பசை தடவித் தரேன். ஜெயிக்க முடியலேன்னா, அந்தத் தாள்ல மக்ருக்குன்னு எழுதணும்."

"சின்ன வயசுல ஆடினதுதான்..." என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சரிக்கா. ஜெயிக்கலேன்னா எழுதறேன்."

எடுத்த எடுப்பிலேயே ஒரு சோழியை இரண்டு கட்டம் தள்ளினான். "சார், இங்க நடந்துதான் போகணும். தாவக் கூடாது," என்றார் அண்ணன். அசடு வழிய ஒரு கட்டம் பின்னால் இழுத்துக்கொண்டான். கேலியெல்லாம் அத்தோடு சரி. சொல்லக் கசக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அவன் என்னைவிட நன்றாக ஆடுகிறவன். ஒரு மணி நேரத்தில் என் குதிரைகள், கோட்டை போல நேர்க்கோட்டில் பாயும் படகுகள், சோழிகள் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டான். என் ராஜா மட்டும் பலகை நடுவில் அநாதையாக நின்றது. அவனிடம் ராஜா, இரண்டு படகுகள், ஒரு சோழி. இன்னும் ஒரு கட்டம் நகர்ந்தால் அந்தச் சோழியைப் புரட்டிப்போட்டு மந்திரியாக்கிவிடலாம்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தனியாக மிஞ்சிய ராஜா ஓடிக்கொண்டே வாய்விட்டு எண்ணலாம். அதற்கு மரியாதையை எண்ணுவது என்று பெயர். துரத்துகிறவனிடம் இரண்டு படகுகள் இருந்தால் எட்டு வரைதான் எண்ணிக்கை; எட்டு என்று சொன்னதற்கு அடுத்த நகர்விலாவது அவன் ராஜாவைப் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் ஆட்டம் சமன். அந்த எண்ணிக்கையும் ஒன்றிலிருந்து தொடங்காது. பலகையில் எத்தனை காய்கள் நிற்கின்றனவோ, அதற்கு அடுத்த எண்ணிலிருந்து தொடங்கும். ஆனால் புரட்டாத சோழி ஒன்றே ஒன்று இருந்தால்கூட எண்ண முடியாது. அதனால் விவரமான ஆள் கடைசிச் சோழியைத் தொடவே மாட்டான். படகுகளை வைத்தே கதையை முடித்துவிடுவான்.

தீராவுத் அதைத் தொடாமல் இருந்தால் நான் செத்தேன். என் ராஜா அந்தச் சோழிக்கு முன்னால்தான் மறித்து நின்றது. ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? வழி விடுறியே!" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவனுடைய ஆட்டத்தில் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டால் ராணி கிடைக்கும். இத்தனை வருடம் அப்படியே பழகிய கை, சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. சோழியை நகர்த்தி, டக்கென்று புரட்டிவைத்தான். "மந்திரி வந்தாச்சு," என்று சிரித்தான்.

"ஆறு," என்றேன், ராஜாவை நகர்த்தியபடி.

"என்ன ஆறு?"

அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. குனிந்து விரல் வைத்து எண்ணினார். "ராஜா ரெண்டு, படகு ரெண்டு, நீங்க புரட்டின சோழி ஒண்ணு. அஞ்சு காய் சார். இவ ஆறுலேருந்து எண்ணுறா."

தீராவுத்தின் முகம் சுண்டிப்போனது. வழக்கம் இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஒரு படகை நகர்த்தினான்.

"ஏழு."

அடுத்த படகு வந்தது.

"எட்டு!" நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை மாம்பழக்காரி திரும்பிப் பார்த்தாள். அவனுக்கு இன்னும் ஒரே ஒரு நகர்வு. வண்டிக்காக வந்த பயணிகளும் பையும் கையுமாகப் பலகையைச் சுற்றி நின்றார்கள். ஒருவரும் வண்டியைக் கேட்கவில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டுப் படகால் ராஜாவுக்குச் செக் வைத்தான். எனக்கு ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ராஜாவை அதில் வைத்தேன்.

"ட்ரா," என்றான். "ஆனா அக்கா, உங்க கையில ஒண்ணுமே இல்ல. வேற எங்க ஆடியிருந்தாலும் இது நான் ஜெயிச்ச ஆட்டம்."

"அப்போ அங்கேயே போய் ஆடுங்க. ஒண்ணுமில்லாதவளுக்கும் எண்ணுறதுக்கு இங்க வாய் இருக்கு. ரெண்டு படகு, ஒரு மந்திரி வெச்சிருந்தீங்க. என்னைப் பிடிக்க முடிஞ்சுதா?"

அவன் பேனாவை எடுத்து, அறிவிப்பின் அடியில் எழுதப் போனான்.

"ரெண்டு அணியும் போகட்டுமேக்கா."

"தாராளமா. உங்க ஆட்டத்து மேல எனக்கென்ன கோபம்? ஆள் பத்தலேன்னா சொல்லுங்க, அதையும் கத்துக்கிட்டு வந்து உங்களோட மோதறேன். ஆனா எங்களை அடியில எழுதாதீங்க. மேல எழுதுங்க."

தாளின் தலைப்பில் இருந்த கொஞ்ச இடத்தில் பொடி எழுத்தில் எழுதினான்.

"பெரிசா," என்றேன்.

அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினான்.