ஐந்தாம் சரணம்

கிணற்றிலிருந்து தவளைகளை எல்லாம் மேலே ஏற்றி முடிப்பதற்குள் பொழுது உச்சியைத் தாண்டிவிட்டது. கிணற்றுக்காரர் ஜினதாஸ் நயினாரின் நிபந்தனை அது. ஆழப்படுத்திக்கொள்ளலாம், பாறைக்கு வேட்டும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருக்கிற ஓர் உயிருக்கும் சேதம் வரக்கூடாது. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களில் இதெல்லாம் பேரம் பேசுகிற விஷயமில்லை. பதினொரு தவளைகளைப் பிடித்துப் பானையில் விட்டு, ஈரச் சாக்கால் வாயை மூடி, வேப்பமரத்தடியில் வைத்தாள் சலோமி. பன்னிரண்டாவது ஒன்று உண்டு என்று நயினார் அடித்துச் சொன்னார். தினம் எண்ணுகிறவராம். அதைத் தேடி இன்னும் அரை மணி நேரம் போயிற்று. கிடைத்தது.

"பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்டாகணும் சலோமி. இருட்டினா பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது. வேல சீக்கிரம் ஆவட்டும்" என்று சொல்லிவிட்டு, வேட்டுச் சத்தம் அவருக்கு ஆகாதென்று தூரத்து வரப்பில் போய் நின்றுகொண்டார்.

அறுபத்தாறாம் வருஷத்துக் கோடை. கோட்டை மலைகளில் பாறை எது வெயில் எது என்று தெரியாதபடி காய்ந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் அடி தெரிந்து கிடந்ததால் கிணறு வெட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓயாத வேலை. சலோமியின் புருஷன் பாவாடை வேட்டு வைப்பதில் பேர் எடுத்தவன். ஞானஸ்நான ரிஜிஸ்தரில் அவன் பெயர் யோனத்தான். உபதேசியார் ஒருவரைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். பெயர் பழகாதது பாதிக் காரணம், பதினைந்து வருஷ வேட்டுச் சத்தத்தில் காது அடைத்துப்போனது மீதிக் காரணம்.

பாவாடையிடம் கடிகாரம் கிடையாது. பாறையில் குழி போட்டு, மருந்து கெட்டித்து, திரிக்கு நெருப்பு வைத்துவிட்டு ஏழு ஆள் ஆழத்திலிருந்து மேலே ஏறி ஓட வேண்டும். கல்யாணமான புதிதில் மண்கூடை இழுக்க வந்த சலோமி, முதல் நாள் வேட்டுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு கோயிலில் படித்த ஞானப்பாட்டைப் பாடினாள். மூன்றாம் சரணம் முடியவும் முதல் வேட்டு வெடித்தது. மறுநாளும் அப்படியே. இழுக்காமல் ஓடாமல் ஒரே நடையில் பாடுகிறவள் அவள். அன்றைக்கே பாவாடை திரியைப் பாட்டுக்கு அளந்து வெட்ட ஆரம்பித்தான். மூன்று சரணம் முடிந்தால் முதல் வேட்டு, நாலாவதற்குள் மற்ற வேட்டுகள். "எம் பொண்டாட்டி தொண்டையில கடியாரம் இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

பாட்டுக்கு ஐந்து சரணம். 'வறண்ட பாறையில் ஊற்றைத் திறந்தீர்' என்று தொடங்கும். முதல் நான்கையும் அவர்கள் தெருவில் எல்லாரும் எங்கேயும் பாடுவார்கள். நாற்று நடும்போது, கல்யாணத்தில், கூடை இழுக்கும்போது. ஐந்தாவதைக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும்தான் பாடுவது. யார் வைத்த வழக்கமோ தெரியாது. வீட்டில் தவறி நாக்கில் வந்துவிட்டால்கூடப் பெரியவர்கள் வாயில் அடிப்பார்கள்.

கொடுத்தவர் கேட்டீர், கொடுத்தேன் ஐயா – என்
கூடு வெறுமையாய்க் கிடக்க விடீர்;
இருளின் அடியிலும் நீர் இருப்பீர் – நான்
இறங்கினும் ஏறினும் உம் கையிலே.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் மகள், நாலு வயது தோர்க்காளைக் குழியில் இறக்கும்போது உபதேசியார் அதை எடுத்துக் கொடுத்தார். சனமெல்லாம் பாடியது. காது அடைத்த பாவாடைகூடச் சுருதி தப்பிப் பாடினான். பெற்றவள் வாயைத் திறக்கவில்லை. கொடுத்தேனாமே, நான் எங்கே கொடுத்தேன்? கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கொடுத்தேன் என்று என்னையே பாடவும் சொல்லுகிறாரா? அதற்குப் பிறகும் அவள் கோயிலுக்குப் போனாள். கிணற்று மேட்டில் நின்று நாலு சரணமும் பாடினாள். வாய் பாடும், மனசு எங்கேயோ கிடக்கும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாவாடை எந்தப் பாட்டை நம்பித் திரி வெட்டுவான்?

நயினார் கிணற்றில் வேட்டு வைத்த அன்றைக்கு அமாவாசை. கூட்டாளி விநாயகம் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டான். வழக்கமாக வேட்டுக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வைத்து எண்ணிக்கை பிடிப்பவன் அவன்தான். "நாலு குழிதான், நானே எண்ணிக்கிறேன்" என்று சலோமி சொல்லியிருந்தாள். அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. இடது கையில் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினால் ஆயிற்று.

கீழேயிருந்து "பாடு!" என்று பாவாடையின் குரல் வந்தது. சலோமி மண்மேட்டுக்குப் பின்னால் போய்ப் பாட ஆரம்பித்தாள். சுவரில் பதித்த கல்படிகளில் அவன் ஏறி வந்து, பக்கத்தில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டான். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

இரண்டாம் சரணத்தின்போதுதான் ரோட்டில் அந்த பஸ் போனது. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ். முன்னால் வேப்பிலை கட்டி, உள்ளே பம்பை முழங்க, படியில் ஆள் தொங்க, ஆடி ஆடிப் போயிற்று. ஜன்னலோரம் ஒருத்தி மடியில் குழந்தையைச் சாய்த்து வைத்திருந்தாள். அவ்வளவுதான் சலோமி பார்த்தது. அன்றைக்கும் அமாவாசைதான். காய்ச்சலில் துவண்ட தோர்க்காளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றபோது எல்லா பஸ்ஸும் நிரம்பி வழிந்தன. நாலாவது பஸ்ஸில்தான் நுழைய முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பிள்ளையின் உடம்பு சூடு தணிந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவி மனசு, ஒரு நிமிஷம் முழுசாகச் சந்தோஷப்பட்டது.

பூமி அதிர்ந்தது. இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கிறதே என்று திடுக்கிட்டு அவள் பின்னால் சாய்ந்தாள். கற்கள் மேலே எழும்பி விழுந்தன. அடுத்தது வெடித்தது. அதற்கடுத்ததும். வாய் அதன் போக்கில் நாலாம் சரணத்தை முடித்துவிட்டு நின்றது.

பாவாடை எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "எத்தினி?" என்றான்.

சலோமியின் வலது கை தானாக எழுந்து நாலு விரலைக் காட்டியது. தினமும் காட்டுகிற நாலு.

அவன் வெற்றிலையை மென்று, புகை கொஞ்சம் அடங்கியதும் கிணற்றுக்குள் காலை வைத்து இறங்கினான். முண்டாசு விளிம்புக்குக் கீழே மறைந்தது. அப்போதுதான் சலோமி தன் இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றுதான் மடங்கியிருந்தன. மற்ற இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

வேட்டு முந்தி வெடிக்கவில்லை. பஸ்ஸைப் பார்த்த பராக்கில் அவள்தான் இரண்டாம் சரணத்தை இரண்டு தரம் பாடியிருக்கிறாள். முதல் சத்தம் பெரிதாகத்தான் கேட்டது. இரண்டு ஒன்றாகப் போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். போகவில்லை என்றால் நாலாவது மருந்து இன்னும் கீழே குழிக்குள் இருக்கிறது. திரி அணைந்துபோனதா, உள்ளுக்குள் கனிகிறதா, யாருக்குத் தெரியும்? இதே மாதிரி ஒரு குழிதான் போன வருஷம் வேறொரு ஊரில் வேலை செய்தவனைச் சாக்கில் கட்டி அனுப்பியது.

"இந்தாய்யா! எறங்காத! மேல வா!" விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள்.

சத்தம் சுவருக்குச் சுவர் மோதி வெறும் இரைச்சலாகக் கீழே போனது. செவிடன் காதில் ஊதிய சங்கு. புகைக்குள் பாதி ஆழத்தில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்து, சரி சரி என்பது போலக் கையை ஆட்டிவிட்டு இன்னும் ஒரு படி இறங்கினான். கூடையை இறக்கட்டுமா என்று கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். கல்லைப் போட்டுக் காட்டலாம் என்றால், எந்தக் கல் போய் எந்த மருந்தின் மேல் விழுமோ? பின்னாலேயே இறங்கிப் பிடிக்கலாம் என்று சேலையைச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தாள். அவள் பாதி இறங்குவதற்குள் அவன் அடியைத் தொட்டுவிடுவான்.

பாட்டு மட்டும் அவனுக்குக் கேட்கும். சொல் கேட்காது, மெட்டு கேட்கும். அவள் முதல் சரணத்தை உரக்க எடுத்தாள். பாவாடை நிற்கவில்லை. ஏன் நிற்கப் போகிறான்? கூடை இழுக்கும்போது நாளெல்லாம் பாடுகிற பாட்டுதானே. நாலு சரணத்தில் எதைப் பாடினாலும் அவனுக்கு அது வேலைச் சத்தம்தான். ஆனால் ஐந்தாவதற்கு மெட்டு வேறு. தாழத் தொடங்கி, நின்று நின்று, மண்வெட்டி மண் தள்ளுகிற தாளத்தில் போகும்.

அது தொண்டைக்கு வந்தது. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. உயிரோடு இருக்கிறவன் தலைக்கு மேல் நின்று அதைப் பாடுவதா? கொடுத்தேன் என்று நான் சொல்ல, நல்லது என்று அவர் எடுத்துக்கொண்டால்? இரண்டு வருஷமாகச் சொல்லாத சொல். பாவாடையின் முண்டாசு புகைக்குள் இன்னும் ஒரு படி தாழ்ந்தது.

"கொடுத்தவர் கேட்டீர்…"

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. வரப்பில் நின்ற நயினார் திரும்பிப் பார்த்தார்.

"…கொடுத்தேன் ஐயா."

சொல்லிவிட்டாள். மண் போட்டு மூடின நாளிலிருந்து நெஞ்சில் அடைத்துக் கிடந்தது பெயர்ந்து வந்தது. கண்ணிலிருந்து தாரையாக ஊற்றியது. துடைக்கவில்லை. ஆமாம், கொடுத்தேன், பிடுங்கித்தான் எடுத்தீர், ஆனாலும் உம்மிடம்தான் இருக்கிறாள், வேறு யாரிடம் இருப்பாள்? இதையெல்லாம் பாடிக்கொண்டேதான் நினைத்தாள். அந்தப் பொந்துக்குள்ளே, புகைக்கு அடியிலே, தான் பாடுவதைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. பயம் போகவில்லை. பயத்தோடேயே நின்று அடுத்த அடியை எடுக்க முடிந்தது.

"இருளின் அடியிலும் நீர் இருப்பீர்…"

கீழே முண்டாசு அசையாமல் நின்றது. பாவாடை நிமிர்ந்து பார்த்தான். முகம் தெரியவில்லை, இரண்டு கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது. பிறகு அவன் ஏறத் தொடங்கினான். முதலில் மெதுவாக, பிறகு கையும் காலுமாகத் தவழ்கிற மாதிரி வேகமாக. அவன் ஏற ஏற அவள் பாடினாள். நிறுத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று அதே இரண்டு அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாள். அவன் கை விளிம்பைத் தொட்டதும் சட்டையைப் பிடித்து இழுத்து மண்மேட்டுக்குப் பின்னால் தள்ளி, தானும் விழுந்தாள்.

மூச்சு வாங்க அவன் அவளைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

"யாருக்குடி பாடுன?"

சலோமி இடது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூன்று விரல் இன்னும் மடங்கியே இருந்தன. அவன் அதைப் பார்த்தான். புரிந்தது. கிணற்றுப் பக்கம் தலையைத் திருப்பினான்.

"கேக்குறேன் இல்ல. யாருக்கு? எனக்கா?"

அவள் வாயை அவன் காதருகே கொண்டுபோனாள். "புள்ளைக்கு. அன்னிக்கிப் பாடாம உட்டுட்டேன்."

அவன் அவளுடைய மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டு, கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"இன்னா ஆச்சி பாவாட? முடிஞ்சிதா?" நயினார் வரப்பிலிருந்து கூப்பிட்டார். சலோமி அதைப் பாவாடையின் காதில் சொன்னாள்.

"கிட்ட வராதீங்க நயினாரே! அங்கியே நில்லுங்க! நாளைக்கி மதியம் வரைக்கும் கெணத்துல யாரும் எறங்கக் கூடாது."

"வெடிச்சிதே! அப்புறம் இன்னா?" சலோமி இதையும் அவன் காதில் சொன்னாள்.

"தெரியலீங்க" என்றான் பாவாடை. "வெடிச்சிருக்கலாம். தெரியல."

நயினார் வெயிலையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். வேப்பமரத்தடியில் பானைக்குள் தவளை ஒன்று கத்தி ஓய்ந்தது. சலோமியின் பல் தாளம் போட்டது. அதை அடக்கத்தானோ என்னவோ, அவள் மறுபடியும் 'கொடுத்தவர் கேட்டீர்' என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் பாவாடையும், எப்போதும் போலச் சுருதி தப்பி, அரை அடி பின்தங்கிப் பாடினான்.

கிணற்றில் சத்தமில்லை. புகையெல்லாம் கலைந்துவிட்டது. வடக்கு மூலையிலிருந்து மட்டும் நூல் கனத்துக்குத் திரிப்புகை ஒன்று எழுந்து, விளிம்பைத் தாண்டி, வெயிலில் நின்றது.