எந்த அளவை விடக் குறைவு?

கல்லூரியில் கணக்குப் பேராசிரியையாக இருபது வருஷம் கோலோச்சிய அக்காவுக்குப் பார்வை போன பிறகு, அவள் எழுதிய பாடப்புத்தகமே அவளுக்கு அந்நியமாகிவிட்டது. "திங்கட்கிழமை வந்து பாடம் எடுக்க முடியுமா, இல்ல ஓய்வு வாங்கிக்கிறீங்களா?" என்று முதல்வர் நாசூக்காகக் கேட்டுவிட்டார். நாசூக்காம் நாசூக்கு! கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கு அப்படியும் ஒரு பேர்.

அவள் தம்பி பிரிண்டர் பழுது பார்ப்பவன். கணக்கு என்றாலே காத தூரம் ஓடுவான். ஆனாலும் அக்கா விஷயமாயிற்றே, சும்மா இருப்பானா? புத்தகத்தை ஸ்கேன் செய்து, திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளிடம் கொடுத்தான். அது பின்னத்தின் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் ஒரே மூச்சில் உளறிக் கொட்டியது.

"இது என் புத்தகமே இல்லடா. யாரோ குடிச்சிட்டுப் படிக்கிற மாதிரி இருக்கு" என்று அக்கா காதைப் பொத்திக்கொண்டாள்.

அச்சுக்குப் போகுமுன் அவளே தட்டச்சு செய்த கோப்புகள் பீரோவில் ஒரு பழைய குறுவட்டில் கிடந்தன. திறந்தால், ஒரே சாய்கோடும் அடைப்புக்குறியும்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினான்.

"அது அச்சுக்கோக்குற மென்பொருளுக்கு நான் சொன்ன கட்டளைடா. இங்க பின்னம், மேல இது, கீழ இது. இங்க வர்க்கமூலம் ஆரம்பம், இங்க முடிவு."

தம்பிக்கு மேனி சிலிர்த்துவிட்டது. பக்கத்தின் படம் இல்லை இது. எது எது என்னவென்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்! அப்படியானால் காதுக்கும் சொல்லலாமே.

இந்த மாதிரிக் கோப்புகளை வலைப்பக்கமாக மாற்றும் மென்பொருள் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. யார் பெற்ற பிள்ளைகளோ, ஊர் பேர் தெரியாதவர்களுக்காக எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கை நன்றாக இருக்கட்டும்! தம்பி அதை ஓட்டினான். வலைப்பக்கம் திறந்தது, குரல் வாசித்தது.

"பின்னம் ஆரம்பம். மேலே ஒன்று. கீழே வர்க்கமூலம்..."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நிரூபணம் படிப்படியாக ஏறி, கடைசி வரிக்கு வந்தது.

"ஆகவே இந்த வித்தியாசம், அளவை விடக் குறைவு."

"எந்த அளவை விட? அதுதானடா உயிரே!"

ஒவ்வொரு நிரூபணத்திலும் அதே இடத்தில் ஓட்டை. அவள் முகம் வாடிப்போயிற்று. இதை வைத்துக்கொண்டு எந்த வகுப்புக்குப் போவது? தம்பி பழைய கோப்பைத் தேடினான். அந்த இடத்தில் அக்கா சொந்தமாகச் சூட்டிய ஒரு சுருக்கப் பேர் இருந்தது. அதற்கு விளக்கம் எழுதிய கோப்பைத்தான் காணோம்; அதனால்தான் மென்பொருள் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பேரைப் படித்தவன் திகைத்துப்போனான்.

"என்ன பேர்டா போட்டிருக்கு?"

"தம்பின்னு போட்டிருக்கு அக்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பார்வை போனதிலிருந்து அந்தச் சிரிப்பை அவன் கேட்டதேயில்லை.

"எப்சிலான்டா அது! கணக்குல வர்ற ஒரு குட்டி அளவு. எவ்வளவு வேணும்னாலும் சின்னதாக்கலாம், பூஜ்யமாக்க மட்டும் முடியாது. சின்ன வயசுல எங்க விரட்டினாலும் என் பின்னாலயே வருவியே நீ. அதான் அந்தப் பேர் வச்சேன்."

அவன் உடனே, இந்தச் சுருக்கம் வரும் இடத்திலெல்லாம் 'தம்பி' என்றே போடு என்று ஒரு வரி எழுதி மறுபடி ஓட்டினான். ஒரே ஒரு வரிதான். கண் மூடித் திறப்பதற்குள் புத்தகம் முழுக்க இருந்த ஓட்டைகள் அடைபட்டன. அட, இப்படியும் நடக்குமா!

"ஆகவே இந்த வித்தியாசம், தம்பி அளவை விடக் குறைவு."

அக்காவின் விரல் மேஜைமேல் எழுதிக்கொண்டே போனது. "தெரியுதுடா. முழுப் பக்கமும் தெரியுது" என்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "முதல்வருக்குப் போன் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தான்.

"சார், திங்கட்கிழமை முதல் பீரியட் எனக்கே போடுங்க."

அவள் போனை வைத்ததும் தம்பி தலையைச் சொறிந்தான். "பசங்களுக்குக் குடுக்கிற பிரதியில எப்சிலான்னு மாத்திடறேன் அக்கா. ஒரே வரிதான்."

"மாத்து. நான் கேக்குற பிரதியில மட்டும் கைவைக்காதே."