பதினொன்றாவது சிவப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு குறுகுறுப்பில் பிறந்தது. சமூக நல அலுவலகத்தின் நாலாம் கவுண்டரில் என் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு சின்ன இயந்திரம். வேலை முடிந்து போகிறவர்கள் அமுக்குவதற்கு அதில் மூன்று பொத்தான்கள்: சிரிக்கும் பச்சை முகம், சும்மா இருக்கும் மஞ்சள் முகம், உம்மென்ற சிவப்பு முகம். ஒரு டோக்கனுக்கு ஒரு தடவைதான் அமுக்கலாம். மாதத்துக்குப் பத்து சிவப்பு வரை பொறுத்துக்கொள்வார்கள். அதைத் தாண்டினால் கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு மாற்றம். அக்காவுக்குப் போன மாதம் பதினொன்று.

பதினொன்றாவதை அமுக்கியது நான்.

(இந்த வரியைக் கடைசியில் வைத்து உங்களை "அடப்பாவி!" என்று சொல்ல வைக்கத்தான் ஆசை. ஆனால் அதுவரை உங்களிடமும் மறைத்தால் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு எழுதுவது?)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"அரசு அலுவலகம் என்பது மனிதர்கள் காகிதங்களாக மாறுகிற ஒரு..."

என் கதைகளை முதலில் படிப்பவள் அக்கா. விண்ணப்பம் பார்க்கிற அதே கண்ணோடு படிப்பாள். நான் அமுக்கியதைச் சொல்கிற பகுதிகளை உருவி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தேன்.

"யாருடா காகிதமா மாறினது? எங்க ஃபேன் ரெண்டு மாசமா ஓடலன்னு எழுது. கண்ணாடியில ஓட்டைய இடுப்பு உயரத்துல போட்டு வெச்சிருக்காங்க, வர்றவங்களும் குனியறாங்க, நானும் குனியறேன், ரெண்டு பேருக்கும் கழுத்து போகுதுன்னு எழுது. ஆறு பேர் வேலைய மூணு பேர் பாக்கறோம். அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியாது."

எழுதிவிட்டேன் அக்கா.

3

நாலாம் கவுண்டரின் விசேஷம் சீட்டு. "ஒண்ணு குறையுது, நாளைக்கு வாங்க" என்று அக்கா யாரையும் அனுப்பியதில்லை. குறைகிற எல்லாவற்றையும் பழைய படிவத்தின் முதுகில் வரிசையாக எழுதிக் கொடுப்பாள். "அலைஞ்சா ஒரு தடவதான் அலையணும்" என்பது அவள் கட்சி. வாங்கியவருக்கோ நீளத்தைப் பார்த்ததும் தலை கிறுகிறுக்கும். போகிற வேகத்தில் சிவப்பை ஒரு குத்து. எல்லாம் சேர்த்துக்கொண்டு மறுபடி வரும்போது நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாம், டோக்கன் தேவையில்லை. டோக்கன் இல்லையென்றால் பொத்தான் வேலை செய்யாது. ஆக, கோபம் பதிவாகும், நன்றி பதிவாகாது.*

* இரண்டாம் கவுண்டரில் சிரிப்பு சார் இருக்கிறார். எதைக் கேட்டாலும் வாயெல்லாம் பல்லாக "நாலாம் கவுண்டர்ல கேளுங்கம்மா" என்பார். அத்தனையும் பச்சை. கெட்ட மனிதர் இல்லை. அக்காவுக்கு மதியம் டீ வாங்கி வருபவர் அவர்தான்.

4

இனி என் லட்சணம். நடக்க முடியாத என் மாமனாருக்குச் சக்கர நாற்காலி கேட்கப் போனேன். "அக்கா இருக்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று மனைவியிடம் மார்தட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டோக்கன் எடுத்துட்டு வா."

நாற்பது நிமிடம் கழித்துச் சீட்டு கிடைத்தது. ஆறு வரி. கடைசி வரி: "வீட்டில் உள்ள எல்லாக் கதவுகளின் அகலம்." இது எந்த விதியிலும் இல்லை, அவளாகச் சேர்த்தது.

"கதவ அளக்கச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம் உக்கார வெச்ச? நான் உன் தம்பிக்கா."

"தம்பி வீட்டுக் கதவுன்னா தானா அகலமாயிடுமா? அளந்துட்டு வா. அடுத்து யாருங்க?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அமுக்கிவிட்டேன். அடுத்தவருடைய காகிதத்தில் அவள் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.

வீட்டில் அளந்தால், குளியலறைக் கதவு வழக்கமான நாற்காலிக்கு இரண்டு விரல்கடை போதாது. ஒடுக்கமானதாகக் கேட்டு வாங்கினோம். மாமனார் இப்போது யார் தோளையும் பிடிக்காமல் குளிக்கப் போகிறார். கதவைச் சாத்திக்கொண்டு பாடுகிறார். சுருதியே சேராது. கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

5

குடைக்காரரைக் கதையிலிருந்து வெட்டிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மழையில்லாத நாளிலும் குடையோடு வருபவர். மனைவிக்குக் காது கேட்கும் கருவி கேட்டு வந்து, ஏழு வரிச் சீட்டு வாங்கி, குடைக் கைப்பிடியாலேயே சிவப்பைக் குத்தினார். இரண்டு வாரத்தில் ஏழையும் சேர்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"அன்னைக்குக் கோவத்துல செவப்ப அமுக்கிட்டேம்மா. நீங்க எழுதிக் குடுத்தது அத்தனையும் தேவப்பட்டுச்சு. இப்பப் பச்சைய அமுக்கிடட்டுமா?"

"டோக்கன் இல்லாம அது வேலை செய்யாதுங்க. பரவால்ல, போய்ட்டு வாங்க."

அவர் கேட்கவில்லை. செத்த பொத்தானை மூன்று முறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"இவ்வளவு நல்லவர்னு எழுதினா யாரும் நம்பமாட்டாங்கக்கா. வெட்டிடறேன்" என்றேன், ராத்திரி சாப்பிடும்போது.

"வெட்டாத. பதினோரு பேர்ல வந்து சொன்னவர் அவர் ஒருத்தர்தான்."

தட்டிலிருந்து முகத்தைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தேன்.

6

முடிவுகள்.

அ) அக்காவால் பயனடைந்த அத்தனை பேரும் ஒரே நாளில் டோக்கன் எடுத்துப் பச்சையை அமுக்குகிறார்கள். (அக்கா: "அன்னைக்கு உண்மையிலேயே வேலையா வந்தவங்க எத்தன மணி நேரம் நிக்கறது? அறிவிருக்கா உனக்கு?")

ஆ) அக்கா கோப்பு அறைக்குப் போகிறாள். அங்கே ஜன்னல் இல்லை, விரல் வைத்தால் புதையும் தூசி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. இரவெல்லாம் அவள் முதுகைத் தடவிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்து (இதை எழுத முடியவில்லை.)

இ) ஒரு விதி இருக்கிறது. உறவினர் அமுக்கியது கணக்கில் சேராது. சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து பச்சை குவிப்பதைத் தடுக்கப் போட்ட விதி. அது சிவப்புக்கும் பொருந்தும். அமுக்கியது தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பதினொன்று பத்தாகும், நாலாம் கவுண்டர் அவளுக்கு நிலைக்கும். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கடிதம் வாங்குவதும் நாலாம் கவுண்டர்தான், ஆக அதை அக்கா கையில்தான் கொடுக்க வேண்டும்.

குடைக்காரரால் முடிந்தது. எனக்கு மூன்று வாரமாக முடியவில்லை. அதனால்தான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

7

இன்று வியாழன். இந்தப் பகுதியை அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் கையெழுத்துப் போட்ட கடிதம், உருவி வைத்த பகுதிகளும் சேர்த்து முழுக் கதை. டோக்கன் எண் அறுபத்து மூன்று. இப்போது அறுபத்தொன்று ஓடுகிறது. அக்கா யாருக்கோ குனிந்து சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். நீளமாகத்தான் இருக்கும்.

படித்ததும் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பார்வை பார்ப்பாளா, "கையெழுத்துக்குக் கீழ தேதி எங்கடா?" என்று திருப்பித் தருவாளா? அதை நான் எழுதப்போவதில்லை. என் கற்பனையில் அவள் உடனே மன்னித்துவிடுகிறாள். அதனாலேயே அந்தக் கற்பனையை நம்பக் கூடாது.

அறுபத்து இரண்டு எழுந்துவிட்டார்.

என் டோக்கனுக்கும் ஒரு அமுக்கல் உண்டு. பச்சையைத்தான் அமுக்குவேன். ஆனால் நான் தம்பி, அது செல்லாது. நீங்கள் அவளுக்கு உறவில்லை.