மூன்றாம் மாடித் தட்டு

நீல விளிம்பு போட்ட அந்தத் தட்டு நாலு நாளாக ஹோசியத்தின் அடுப்படியில், கதவோரத்து முக்காலியில் காத்துக் கிடந்தது. மூன்றாம் மாடி ரிம்மாவின் தட்டு. போன வாரம் அதில் முட்டைக்கோஸ் பூரணம் வைத்த ஆவிக்கொழுக்கட்டை இறங்கி வந்திருந்தது. வந்த தட்டைக் காலியாகத் திருப்பி அனுப்புவது தாஷ்கண்டில் எந்த வீட்டிலும் கிடையாது. இருபத்தாறு வருஷமாக இந்த மாடிப்படியில் அது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்றைக்கு ஏறுவதுதான் கடைசி. நாலு மணிக்கு டாக்சி வருகிறது. கொரிய வம்சத்துக்காரியான ரிம்மா, கொரியாவிலிருக்கும் மகனிடமே போய்விடப் போகிறாள்.

ஹோசியத்துக்கு ஐம்பத்தெட்டு வயசு. எந்த நாட்டிலும் கால் வைத்ததில்லை. நாக்கு மட்டும் போய் வந்திருக்கிறது. ஜார்ஜியாவின் சீஸ் ரொட்டி, கிரேக்கர்களின் கத்தரிக்காய் அடுக்கு, மெக்சிகோக்காரர்களின் காரப் பயறு. ஒன்று சரியாக வந்துவிட்டால் அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் அந்த நாட்டின் பெயரை எழுதுவாள். பதினாறு சேர்ந்திருக்கிறது. வீட்டில்தான் ஒருத்தருக்கும் தொண்டையில் இறங்காது. கணவர் எர்காஷ் தட்டை எட்டிப் பார்த்து, “இன்னிக்கு எந்த நாட்டுல கொண்டாந்து இறக்கிவிட்டிருக்கே? புலாவ் இருக்கிற ஊருக்குத் திரும்பிப் போக வண்டி உண்டா?” என்பார். அதனால் வீட்டுக்கு ஒரு சமையல், ஆசைக்கு ஒரு சமையல் என்று இரண்டு உலை வைத்தே அவள் முழங்கால் தேய்ந்தது.

ஆசைச் சமையலுக்கு வாய் ஒன்றே ஒன்று. ரிம்மா கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவாள். “உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி அந்த ஊர்க்காரியே தோத்துப்போவா.”

“நீ என்னமோ அங்க பொறந்து வளர்ந்தாப்ல சொல்றியே அக்கா!”

“நீ மட்டும் பொறந்தியாக்கும்? போடு இன்னொரு கரண்டி.”

அந்த வாய் இன்றைக்குப் போகிறது. கடைசித் தட்டு அவள் மனசுக்குப் பிடித்ததாக இருந்தாக வேண்டும் என்பதுதான் ஹோசியத்தின் கவலையெல்லாம். விடியலில் எழுந்து மாவு பிசைந்து, ஏடு ஏடாகத் தேய்த்து, கறியும் பாலும் சீஸுமாக இத்தாலியின் லசானியா அடுக்கினாள். இரண்டு மணிக்கு, தட்டை ஏந்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள்.

மேலே வீடு வெறிச்சென்றிருந்தது. ரிம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தாள். கண்ணை மூடவில்லை.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

“உப்பா?”

“உப்பெல்லாம் சரிதாண்டி. நான்தான்... நீ கேரட் ஊறுகாய் கொண்டு வருவேன்னு நெனச்சுட்டேன்.”

ஹோசியத்துக்குச் சிரிப்பு வந்தது. “நல்லாருக்கே! கொரியாவுக்கே போறவளுக்கு நான் கொரியன் கேரட் கட்டிக் கொடுக்கவா? எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே!”

“அங்க அது கெடையாது ஹோசியத். எம்மவன் கடைகடையா ஏறி இறங்கிட்டான். என்னதுன்னு அவங்க இவனைக் கேக்குறாங்களாம். எங்க கொரியா ஆளுங்க அந்தக் காலத்துல இங்க வந்தப்போ ஊறுகாய்க்கு அந்த ஊரு கோஸ் கெடைக்கலன்னு, கெடைச்ச கேரட்டைப் போட்டுப் பழகிட்டாங்க. அது இந்த ஊருச் சமாச்சாரம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “பத்து வருஷமா உன் கைக்கு வர்ற பக்குவம் எனக்கே வர்றதில்ல.”

இருபத்தாறு வருஷம் பழகி, இது கூடத் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது ஹோசியத்துக்கு. மணி பார்த்தாள். தன் அடுப்படிக்கு இறங்கினாள்.

எட்டுக் கேரட் இருந்தது. நூல் நூலாக நறுக்க வேண்டும். மூன்றாவது கேரட்டிலேயே விரல் மடங்க மறுத்துவிட்டது. அடுப்படி வாசலில் எர்காஷ் வந்து நின்றார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் தெரு ஆண்கள் கூடி உட்கார்ந்து புலாவுக்குக் கேரட் நறுக்குவார்களே, அதில் இவர் கைக்கு ஈடில்லை. வீட்டில் மட்டும் கத்தியைத் தொட்டதில்லை.

“இப்ப எந்த நாடு?” என்றார்.

“மூணாவது மாடி.”

அவளையும் கத்தியையும் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். “தள்ளு. கல்யாண வேலையில யாராவது இந்த மாதிரி நறுக்கினா எழுப்பி வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

அவர் நறுக்க நறுக்க அவள் உப்பிட்டுப் பிசைந்தாள். பூண்டு, மிளகாய்த்தூள், இடித்த கொத்தமல்லி விதை. புகைய விட்ட எண்ணெயை மேலே ஊற்றியதும் ‘சொய்ங்’ என்று வாசனை படியேறிப் போயிற்று. வினிகர் தெளித்து, ஜாடியில் அடைத்து, மூடியை இறுக்கித் துணி சுற்றும்போது கீழே ஹாரன் அடித்தது.

ரிம்மா ஒரு கையில் நீலத் தட்டோடு இறங்கி வந்தாள். தட்டில் பாதி லசானியா.

“ஊறுறதுக்குள்ள தெறந்துடாத அக்கா. அங்க போயி இறங்கினப்புறம் தின்னு.”

“தெறக்கல.” ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். “இந்தா, தட்டைப் பிடி. காலியா தரல, பாத்துக்க.”

“தட்டு உன்னோடது!”

“பாதிதான் தின்னேன். மீதி உனக்கு. அப்போ தட்டைத் திருப்பி அனுப்ப இப்ப யாரு முறை?”

ஹோசியத் தட்டை வாங்கிக்கொண்டாள். எர்காஷ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

டாக்சி போன பிறகு இருவரும் அந்த ஆறிய லசானியாவை ஒரே தட்டில் தின்றார்கள். எர்காஷ் இரண்டு வாய் மென்றுவிட்டு, “உப்பு கம்மி,” என்றார்.

“ஒரு கல்லு,” என்றாள் ஹோசியத்.

இரண்டு கையும் பூண்டு மணத்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை. இருந்தும் எழுந்து தட்டைக் கழுவித் துடைத்தாள். அலமாரியைத் திறந்தவள், என்ன நினைத்தாளோ, மூடிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கதவோரத்து முக்காலியிலேயே வைத்தாள்.